கோப்பி ஓடக்கூடாத நாட்கள்

நான் ஓய்வு பெறும் முன் கடைசியாகக் கிளினிக்கில் சேர்ந்த உங்கள் எல்லோருக்கும் ஒரே தலைவலிதான் போலிருக்கிறது. நாய்க்கு மாதாமாதம் கொடுக்கும் பூச்சித் தடுப்பு மாத்திரையை நீங்கள் எடுத்து நீட்டினால், வீட்டுக்காரர் தன் கைப்பேசியை எடுத்து நீட்டுகிறார். "இத கொடுத்தா வலிப்பு வருமாமே டாக்டர்?" என்கிறார். "ஈரல் கெட்டுடுமாமே?" என்கிறார். என்ன பதில் சொல்வது என்று என்னைக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவளிடம் கேள்வி கேட்டால் பதில் சுருக்கமாக வராது. அது உங்கள் தலையெழுத்து.

முதலில், அவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பக்க விளைவு உண்டு. உண்ணிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளால் சில நாய்களுக்கு வலிப்பு வருவது உண்மைதான். ஏற்கெனவே வலிப்பு வந்த நாய்க்கு நான் அவற்றைக் கொடுத்ததில்லை. ஆனால் மருந்தே கொடுக்காமல் விட்டால் அதற்கும் ஒரு பக்க விளைவு உண்டு. உண்ணிக் காய்ச்சலில் ஈறு வெளுத்துப்போய் வந்த நாய்களை நீங்களும் இதற்குள் பார்த்திருப்பீர்கள். கொசுவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கொசு இல்லாத மாதம் என்று பினாங்கில் ஒன்று கிடையாது. அந்தக் கொசுதான் இதயப் புழுவின் குஞ்சை ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குக் கொண்டுபோகிறது. இரண்டு பக்கமும் வைத்து நிறுத்துப் பார்த்து, எது கனமோ அதைச் சொல்ல வேண்டியதுதான். இவ்வளவும் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. இதைச் சொல்ல நான் எதற்கு?

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இல்லாத பக்க விளைவு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் கோப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால், கோப்பியைப் பற்றிப் பேச யாராவது கேட்க மாட்டார்களா என்று சில மாதங்களாகவே காத்திருக்கிறேன்.

கோப்பி சாதாரண நாட்டு நாய். பால் விடாத கோப்பியின் நிறம். ஷாலினி என்ற பெண் ஜார்ஜ்டவுனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, மழை நாளில் கால்வாய் ஓரத்திலிருந்து எடுத்து வந்த குட்டி. நம் கிளினிக் வாசல் அஞ்சடி நடைபாதையில் சொட்டச் சொட்ட நனைந்து நின்றபடி, தன் கைப்பையைத் திறந்து எனக்குக் காட்டினாள். உள்ளே லிப்ஸ்டிக், சாவிக்கொத்து, கோப்பி. பிறகு அவளுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அங்கே வாடகை அறையில் நாய் வைத்துக்கொள்ள முடியாது. கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் இருந்த அப்பா அம்மாவிடம் கோப்பியை விட்டுவிட்டுப் போனாள்.

அப்பா முத்தையா லோரி ஓட்டுநர். பிறை வட்டாரத் தொழிற்சாலைகளுக்குச் சாமான் ஏற்றிப் போகிறவர். "நாய் வாசல்லதான் கெடக்கணும்" என்று சட்டம் போட்ட மனிதர். அந்தச் சட்டம் ஒரு மழை வரைக்கும் தாங்கியது. அதன்பின் கோப்பியின் இடம் அவருடைய நாற்காலிக்கு அடியில். ஷாலினி சாயங்காலம் அழைக்கும்போது கைப்பேசியை நாயின் காதருகே பிடிப்பார். அவள் குரல் கேட்டதும் கோப்பி வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடும், வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்க்கும், திரும்பி வந்து கைப்பேசியை முகரும்.

மகளை நினைத்து ஏங்குவதாக முத்தையா ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. "கோப்பிக்கு அவ நெனப்பு டாக்டர். சரியாவே சாப்பிட மாட்டேங்குது" என்பார். கோப்பி நன்றாகத்தான் சாப்பிட்டது, நம் தராசு பொய் சொல்லாது. இளைத்துப்போனவர் அவர்தான்.

ஒரு தைப்பூசம் முடிந்த கையோடு கோப்பியைக் கூட்டிக்கொண்டு பாலம் தாண்டி வந்தார். வருடாவருடம் காவடி எடுப்பவர். மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. நாய் இருமுகிறது, ஓடினால் மூச்சு வாங்குகிறது என்றார். இரத்தத்தைச் சோதித்தேன். இதயப் புழு. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால், குஞ்சுப் புழுக்கள் கூட்டமாக நெளிகின்றன.

"மாசாமாசம் மாத்திர கொடுத்தீங்களாண்ணே?"

"கொடுத்தேன் டாக்டர். மக சொல்லிட்டுப் போனதாச்சே. ஒரு மாசம் தவறினதில்ல."

"ஒரு மாசம்கூட?"

"ஒரு மாசம்கூட இல்ல" என்றவர், கொஞ்சம் யோசித்து, "வெரத நாளு தவிர" என்றார்.

விரத நாட்களைத் தவிர. அதாவது தைப்பூசத்துக்கு முந்தைய ஒரு மாதத்துக்கு மேல். நான் கேட்கும்போதெல்லாம் அவர் ஆமாம் என்றதும் பொய்யில்லை. விரதத்தில் மாத்திரை கொடுக்க முடியாது என்பது அவருக்குச் சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி. அதைப் போய் யாராவது தனியாகச் சொல்வார்களா? அந்த மாத்திரை நாய்க்குப் பிடிக்க வேண்டும் என்பதற்காக மாட்டிறைச்சிச் சுவையில் செய்தது. பெட்டியிலேயே படம் போட்டிருக்கிறது. நானும் நீங்களும் அதே பெட்டியில் பக்க விளைவுகளைத் தேடிப் படிக்கிறோம். அவர் மாட்டைப் பார்த்தார்.

அவர் வீட்டுக்குள் மாட்டிறைச்சி நுழைந்ததே இல்லை. ஆனால் மகள் கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். அதனால் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவராமல் லோரியில் வைத்திருந்தார். மாதம் ஒருமுறை தெருவில் நின்றபடி, காகிதத்தில் பிடித்து, கோப்பியின் வாயில் போட்டுவிட்டுக் கை கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போவார். விரதம் தொடங்கினால் லோரியிலும் வைக்க முடியாது, அங்கே முருகன் படம் இருக்கிறது. டயர் கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் கொடுத்து வைக்கப் பார்த்திருக்கிறார். அவர் குவான் யின் அம்மனைக் கும்பிடுகிறவர், தனக்கும் மாடு ஆகாது என்று கையை விரித்துவிட்டார். கடைசியில் அந்தப் பெட்டி ஒரு பிளாஸ்டிக் பையில், டயர் கடைக்குப் பின்னாலிருந்த மரத்தில், தைப்பூசம் முடியும்வரை வெயிலிலும் மழையிலும் தொங்கியிருக்கிறது. வருடாவருடம் இப்படித்தான்.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

"என் வெரதத்தாலயா டாக்டர்?"

தடுப்பு விட்டுப்போனதால் வந்தது என்பது உண்மை. ஆனால் அவர் கேட்டது அதை அல்ல. தான் கும்பிடுகிற சாமிக்காகத் தான் செய்த ஒன்று தன் மகளின் நாயைக் கொல்லப்போகிறதா என்று கேட்டார்.

"வெரதம் ஒண்ணும் பண்ணலண்ணே. கொசு கடிச்சிருக்கு."

அவர் தலையாட்டினார். அடுத்த நொடி சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு மாத்திரையை எடுத்தார். "வெரதம்தான் முடிஞ்சுபோச்சே. இப்பவே கொடுத்துடறேன்" என்று நாயின் வாயருகே கொண்டுபோனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் பலமாகவே பிடித்துவிட்டேன் போல, அவர் கையில் என் விரல் தடம் விழுந்தது.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். தடுப்பு மருந்துதான், நல்ல மருந்துதான். ஆனால் இரத்தம் முழுக்கக் குஞ்சுப் புழு இருக்கிற நாய்க்கு அதைக் கொடுத்தால், அத்தனையும் ஒரே சமயத்தில் செத்து, நாய் அதிர்ச்சியில் நிலைகுலைந்து விழலாம். எல்லா நாய்க்கும் அப்படி ஆகாது. கோப்பிக்கு ஆகுமா என்று யாராலும் சொல்ல முடியாது. லோரியில் பாலத்தின் நடுவில் போகும்போது அது தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். விட்டுப்போன தடுப்பை மறுபடி தொடங்குவதற்கு முன் இரத்தத்தைச் சோதியுங்கள் என்று நான் உங்களிடம் கத்தியதெல்லாம் இந்த மணிக்கட்டை நினைத்துத்தான்.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. தடுப்பு மருந்தின் முதல் வேளையை, முன்னெச்சரிக்கை ஊசி போட்டு, ஒரு பகல் முழுக்கக் கிளினிக்கில் என் கண் முன்னாலேயே வைத்துக் கொடுத்தோம். அடுத்தது பெரிய புழுக்களைக் கொல்லும் ஊசி. அது கிடைப்பதே குதிரைக் கொம்பாக இருந்தது. ஊசி போடும் முன் முத்தையாவையும் அவர் மனைவி லெட்சுமி அக்காவையும் உட்காரவைத்துச் சொன்னேன். ஊசி புழுவைக் கொல்லும். செத்த புழு துண்டு துண்டாக நுரையீரலுக்குப் போகும். நாய் அமைதியாகப் படுத்திருந்தால் உடம்பே அதை மெல்லக் கரைத்துவிடும். ஓடினால், இதயம் வேகமாக அடித்தால், துண்டுகள் போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் நம் கையில் எதுவும் இல்லை. ஆகவே கூண்டுதான். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, யாரையாவது பார்த்துத் துள்ளக்கூடாது.

லெட்சுமி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சந்தோசப்படக் கூடாதுன்னு சொல்றீங்க" என்றார்.

ஆமாம், அக்கா. அதைத்தான் அவ்வளவு சுற்றி வளைத்துச் சொன்னேன்.

"அப்ப சாயங்காலம் போன் வேணாமா?" என்றார் முத்தையா.

"அவங்க கொரல் கோப்பிக்குக் கேக்க வேணாம்ணே. வெளிய போய்ப் பேசுங்க."

அதிலிருந்து மகளிடம் பேசுவதற்கு அவர் தெருமுனை மினி மார்க்கெட் வரை நடந்துபோனார். வீட்டில் கோப்பி சாயங்காலமானால் கூண்டுக்குள் காதைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்குமாம். பிறகு படுத்துவிடுமாம்.

கடைசி ஊசி போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதுதான் மிக ஆபத்தான சமயம். முத்தையா போன் செய்தார். குரலிலேயே ஒரு துள்ளல். ஷாலினிக்குத் திடீரென்று விடுமுறை கிடைத்துவிட்டது. ஒன்றரை வருடம் கழித்து வருகிறாள். பஸ் டிக்கெட் எடுத்தாயிற்று.

"வரலாம் இல்ல டாக்டர்?"

கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்திருந்தது. தெரியாவிட்டால் ஏன் கேட்க வேண்டும்?

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னோடு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். மயக்க மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்கலாமே? கொடுத்துப் பார்த்திருக்கிறேன். மற்ற சத்தத்துக்கு அசையாத நாய், தனக்கு வேண்டியவர் காலடிக்கு மருந்தை உதறிவிட்டு எழுந்து நிற்கும். கிளினிக்கில் கொண்டுவந்து வைத்துக்கொள்ளலாமே? கோப்பிக்கு நம் கிளினிக் என்றாலே நடுக்கம், கூண்டுக் கம்பியைக் கடிக்கிற ஜாதி. அந்தப் பதற்றமே அதைக் கொன்றுவிடும். மகள் வந்தும் ஒன்றும் ஆகாமலும் போகலாம். பத்தில் எத்தனை நாய் பிழைக்கும் என்று நான் சொல்ல முடியும், ஆனால் முத்தையா வீட்டில் இருப்பது ஒரு நாய். தராசின் இன்னொரு தட்டில் இருந்தது மருந்து இல்லை, மகள். ஒன்றரை வருடமாகப் பார்க்காத ஒரே மகள். அவளை வீட்டுக்கு வராதே என்று பெற்றவர்களைச் சொல்லச் சொல்ல நான் யார்?

ஆனாலும் சொன்னேன். "வீட்டுக்கு வர வேணாம்னு சொல்லுங்கண்ணே."

"சொல்றேன் டாக்டர்" என்று போனை வைத்துவிட்டார். அன்று மாலை ஷாலினியே அழைத்தாள்.

"டாக்டர், நான் கிட்ட போக மாட்டேன் லா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துட்டுப் போயிடறேன். அதுக்குத் தெரியவே தெரியாது."

"காத்து அடிச்சா தெரிஞ்சிடும்மா."

அவள் அழுதாள். நானும் உறுதியானவள் மாதிரி பேசிவிட்டு, போனை வைத்ததும் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவள் வந்தாள். புக்கிட் தெங்காவில் இருந்த அத்தை வீட்டில் தங்கினாள். நாயைத் தனியே விட முடியாது என்பதால் ஒருநாள் அப்பா போய்ப் பார்த்தார், மறுநாள் அம்மா. மகள் ஊருக்கு வந்திருந்த அந்த நாட்களில் மூன்று பேரும் ஒரே இடத்தில் ஒருவேளைகூடச் சேர்ந்து சாப்பிடவில்லை. ஒரு நாட்டு நாய்க்காக. ஒருவர்கூட என்னிடம் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த வாரத்தில்தான் கோப்பி இருமியபோது எச்சிலில் இரத்தம் தெரிந்தது. லெட்சுமி அக்கா அழைத்ததும் கிளினிக்கை மூடிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஃபெரிப் படகு பிடித்தேன். வெயில் தாழ்ந்திருந்தது. பாகான் டாலாமில் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போனபோது, முத்தையா வேலிக்கு வெளியே இருந்த குழாயடியில் உட்கார்ந்து தலையோடு குளித்துக்கொண்டிருந்தார். உடுத்தியிருந்த வேட்டி சட்டை ஓரமாக ஒரு வாளித் தண்ணீரில் முங்கிக் கிடந்தது. அக்கா துண்டோடு எட்டி நின்றார். துக்க வீட்டுக்குப் போய் வந்தால் நம்மவர்கள் வாசலில் எப்படிக் குளிப்பார்களோ, அப்படியே.

நான் பயந்துபோனேன். "யாரு வீட்டுலண்ணே துக்கம்?"

அவர் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு நிமிர்ந்தார். "துக்கமில்ல டாக்டர். மகள பாத்துட்டு வாரேன்."

அவள் வாசம் உடம்பில் ஒட்டியிருக்கும் அல்லவா. கட்டிப் பிடித்திருப்பாள். சட்டைத் தோளில் அழுதிருப்பாள். அத்தனையையும் குழாயடியில் கழுவிவிட்டுத்தான் அந்த மனிதர் தன் வீட்டுக்குள் போனார். நான் அவரிடம் குரல் கேட்கக்கூடாது என்று சொல்லியிருந்தேன், நேரில் வரக்கூடாது என்று சொல்லியிருந்தேன். குளிக்கச் சொல்லவில்லை. அதை அவராகவே கண்டுபிடித்திருந்தார்.

உள்ளே கோப்பிக்கு ஊசி போட்டு, மூச்சு சீராகும்வரை கூண்டருகே தரையில் உட்கார்ந்திருந்தேன். மெல்ல அடங்கியது. இரத்தம் அதன்பின் வரவில்லை. விடுமுறை முடிந்து ஷாலினி பட்டர்வொர்த்தில் பஸ் ஏறினாள், தன் நாயைப் பார்க்காமல்.

நான் பெற்ற பாடம் உங்களுக்கு வேண்டுமானால், இதுதான். தடுப்பு மருந்து எழுதும்போது வலிப்பு உண்டா, ஈரல் நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறீர்கள், நல்லது. அதோடு, இந்த வீட்டில் எந்த மாதம் எது ஆகாது என்றும் கேளுங்கள். மாத்திரை எங்கே இருக்கிறது, யார் கையால் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். மாடு ஆகாதவர்கள் வீட்டு நாய்க்குப் பிடரியில் விடும் சொட்டு மருந்து இருக்கிறது. கோப்பிக்கு இப்போது அதுதான், தைப்பூச விரதத்திலும் வீட்டுக்குள்ளேயே விடுகிறார்கள். மரத்தில் தொங்கும் மருந்தைவிட நாயின் கழுத்தில் இருக்கும் மருந்து மேல்.

நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் தீபாவளிக்குப் பாகான் டாலாமுக்கு அழைத்திருந்தார்கள். கோப்பியின் இரத்தம் சுத்தம் என்று அதற்குள் தெரிந்துவிட்டது. ஷாலினி தெருமுனையில் காரைவிட்டு இறங்கினாள். நான் பழக்கதோஷத்தில் கோப்பியின் கழுத்துப் பட்டையைப் பிடித்திருந்தேன். "விடுங்க டாக்டர்" என்றார் முத்தையா. விட்டேன். ஓட்டம் என்றால் அதுதான் ஓட்டம். அவளும் ஓடிவந்தாள். புதுப்புடவையோடு தார்ச் சாலையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அழுததை மறைக்கவில்லை.

சாப்பிடும்போது லெட்சுமி அக்கா மெதுவாகச் சொன்னார். "திட்ட மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்றேன் டாக்டர். அப்ப அவர் எவ்ளோ குளிச்சும் கோப்பிக்குத் தெரியும். கூண்டுக்குள்ள படுத்தபடியே அவரு கைய மோந்து பாக்கும், வால மட்டும் ஆட்டும். எழும்பவே எழும்பாது. நாங்க பட்ட பாடு அதுக்குப் புரிஞ்சிருக்கு."

நாய்க்கு அப்படியெல்லாம் புரியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாயில் முறுக்கு இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையில் இருந்த காலமெல்லாம் நானும் வீட்டுக்குப் போகும்முன் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவேன். என் வீட்டு நாய்க்கு மற்ற நாய்களின் வாசம் பிடிக்காது, கோபித்துக்கொண்டு மூலையில் படுத்துவிடும். அந்த நாயும் செத்துப்போய்விட்டது. இப்போது மகன் வீட்டில், மாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். நிர்வாகம் நாய் வளர்க்க விடுவதில்லை. காலையில் பாசார்ச் சந்தைப் பக்கம் நடக்கும்போது, மீன் கடை ஓரம் படுத்திருக்கும் நாய்களில் ஏதாவது ஒன்று தலையைக் கொடுக்கும். காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுவேன், அப்படியே உண்ணி இருக்கிறதா என்று விரல் தேடும். அதன்பின் லிஃப்டில் ஏறி மேலே வந்து, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். உங்களுக்குச் சொல்லித்தந்ததற்கு நேர் எதிர்தான், தெரியும். ஆனால் கை கழுவ எனக்கு இப்போது அவசரமில்லை.